இடப்பக்கம் இல்லாத கப்பல்

வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் வான்வெளி அருங்காட்சியகத்தில் 'ஸ்டார் ட்ரெக்' தொடரின் என்டர்ப்ரைஸ் கலம் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. 11 அடி 3 அங்குல நீளம். மரம், பிளாஸ்டிக், தகரம். வலப்பக்கமாக நின்று பார்த்தால் எல்லாம் திரையில் பார்த்தபடியே இருக்கும்: ஒளிரும் சன்னல்கள், என்சிசி-1701 என்ற எண், செம்பு நிறத்துத் தட்டு. அப்படியே நடந்து மறுபக்கம் போனால் மொட்டைச் சுவர். எண்ணும் இல்லை, சன்னலும் இல்லை. விளக்குகளுக்கான ஒயர்கள் எல்லாம் அந்தப் பக்கம் வழியாகத்தான் உள்ளே போயின. கேமரா எப்படியும் அங்கே போகப்போவதில்லை, அதனால் யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. கப்பல் எதிர்த்திசையில் பறக்க வேண்டும் என்று கதை கேட்டால், எண்களைக் கண்ணாடிப் பிம்பமாக அச்சடித்து வலப்பக்கத்திலேயே ஒட்டி, எடுத்த ஃபிலிமைத் திருப்பிப் போட்டார்கள். வேலை முடிந்தது.

எண்பதுகளில் ஞாயிற்றுக்கிழமை காலையில் தூர்தர்ஷனில் இந்தக் கப்பலைப் பார்த்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான். பெட்டி கறுப்பு வெள்ளை, அதிலும் பாதி நேரம் புள்ளிகள். நட்சத்திரம் எது, ஆன்டெனா கோளாறு எது என்று பிரித்தறிய முடியாது. அந்தக் கப்பலுக்கு இடப்பக்கமே இல்லை என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

தொலைக்காட்சி அறிபுனைத் தொடர்களின் பொருட்கள் இன்று ஏலத்தில் போகும் விலைகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த இடப்பக்கம்தான் நினைவுக்கு வருகிறது. படப்பிடிப்புக்காகச் செய்யப்படும் எந்தப் பொருளும் பாதிப் பொருள்தான். கேமரா பார்க்கும் பாதியை மட்டும் செய்வார்கள். மீதியைப் பார்ப்பவன் செய்துகொள்வான். ஏலக்கூடம் இந்தப் பாதியை முழுசு என்று சொல்லி விற்கிறது. வாங்குபவர்கள் ஏமாளிகள் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் தாங்களே செய்த மறுபாதிக்குத்தான் காசு கொடுக்கிறார்கள். அதை வாங்க யாருக்கும் உரிமை உண்டா, விற்க யாருக்கு உரிமை என்பதுதான் சிக்கல்.

கோடம்பாக்கத்தில் இந்தப் பொருட்களுக்கு இன்றைக்கும் 'ப்ராப்பர்ட்டி' என்றுதான் பெயர். ஆங்கிலத்தில் அது 'ப்ராப்' என்று சுருங்கிவிட்டது; நம்மவர்கள் முழுச் சொல்லையும் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். நாடகக் குழுவின் பொதுச்சொத்து என்ற பொருளில் வந்த சொல். ஒரு நடிகருக்கும் சொந்தமில்லாத, குழுவுக்குச் சொந்தமான பொருள். அந்தச் சொத்து எப்படித் தனிச்சொத்தானது என்ற கதைக்குத் தொடக்கம் என்று ஒன்றைச் சொல்வதானால் 1970ஆம் ஆண்டைச் சொல்லலாம். எம்ஜிஎம் ஸ்டுடியோ தன் கிட்டங்கிகளில் இருந்த உடைகளையும் தளவாடங்களையும் டேவிட் வைஸ் என்ற ஏலக்காரரிடம் மொத்தமாக 15 லட்சம் டாலருக்குத் தள்ளிவிட்டது. அவர் அதைச் சில்லறையாக ஏலம் போட்டார். 'விசார்ட் ஆஃப் ஆஸ்' படத்தின் சிவப்புச் செருப்பு 15,000 டாலருக்குப் போனது அப்போதுதான். 'ஃபர்பிடன் பிளானெட்' படத்தின் பறக்கும் தட்டும் அதில் ஒன்று. ஸ்டுடியோவைப் பொறுத்தவரை அது காயலாங்கடை வியாபாரம். இடத்தைக் காலி செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

என்டர்ப்ரைஸ் கலத்தின் கதையும் இந்த அலட்சியத்தில்தான் தொடங்குகிறது. வடிவமைத்தவர் மாட் ஜெஃப்ரீஸ். செய்தவர்கள் ரிச்சர்ட் டேட்டினும் அவரோடு கலிஃபோர்னியாவின் பர்பாங்கில் ஒரு மாடல் பட்டறையில் வேலை செய்த சிலரும். 1964 இறுதியில் முடிந்தது. கலத்தின் இரண்டு எஞ்சின்களின் முகப்பில் சுழலும் ஒளி ஒன்று உண்டு, பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அது கிறிஸ்துமஸ் விளக்குகளும் உடைந்த கண்ணாடித் துண்டுகளும் ஒரு சின்ன மோட்டாரும்தான். தொடர் 79 அத்தியாயங்களோடு 1969இல் நிறுத்தப்பட்டது. 1974இல் பாரமவுண்ட் கலத்தை ஸ்மித்சோனியனுக்குக் கொடுத்துவிட்டது. விற்கவில்லை, கொடுத்தது. அன்று அதை வாங்கக் கூட்டம் இல்லை. பின்னால் வந்த விலைகளைப் பார்க்கும்போது, இந்தக் கலம் தப்பித்ததற்கு அன்றைக்கு அதற்கு மதிப்பில்லாமல் இருந்ததும் ஒரு காரணம் என்று தோன்றுகிறது.

தப்பித்தது என்று சொன்னாலும் அருங்காட்சியகத்திலும் அதற்கு அப்படியொன்றும் ராஜமரியாதை கிடைக்கவில்லை. பல வருடங்கள் கீழ்த்தளத்தில், நினைவுப்பொருள் விற்கும் கடைக்குள்தான் இருந்தது. டி-ஷர்ட்டுகளுக்கும் சாவிக்கொத்துகளுக்கும் நடுவில். நான்கு முறை சீரமைத்தார்கள். 1991-92இல் செய்த சீரமைப்பில் உடலெங்கும் கோடுகளை அழுத்தி வரைந்துவிட்டார்கள் என்று ரசிகர்கள் இருபது வருடம் புலம்பினார்கள். கடைசியாக 2014இல் தொடங்கி இரண்டு வருடம் நடந்த வேலை வேறு ரகம். பழைய விமானங்களுக்குச் செய்வதுபோல எக்ஸ்ரே எடுத்தார்கள், பெயின்ட் அடுக்குகளை ஒவ்வொன்றாகச் சுரண்டிப் பார்த்தார்கள், தொடர் ஓடிய காலத்தில் கலம் எப்படி இருந்ததோ அந்த நிலைக்குக் கொண்டுவந்தார்கள். தட்டின் மேற்புறத்தில் மட்டும் அறுபதுகளின் அசல் பெயின்ட் மிச்சம் இருந்தது. அதைத் தொடாமல் விட்டார்கள். இடப்பக்கத்தையும் அழகுபடுத்தவில்லை. அந்த முடிவை எடுத்தவர்களுக்குக் கைகொடுக்க வேண்டும். ரசிகனுக்காக ஒரு பொய்யான இடப்பக்கத்தைச் செய்து ஒட்டுவது எவ்வளவு எளிதாக இருந்திருக்கும்!

இனி 2006க்கு வருவோம். ஸ்டார் ட்ரெக்கின் நாற்பதாவது வருடம். சிபிஎஸ் பாரமவுண்ட் நிறுவனம் தன் கிட்டங்கியில் இருந்ததை நியூயார்க்கில் கிறிஸ்டீஸ் ஏலக்கூடத்திடம் கொடுத்தது. பிக்காஸோவும் மோனேயும் விற்கும் கிறிஸ்டீஸ். அக்டோபரில் மூன்று நாள், சுமார் 1,000 உருப்படிகள், மொத்த வசூல் 70 லட்சம் டாலருக்கு மேல். 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடருக்காக 1987இல் இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் செய்துகொடுத்த ஆறடிக் கலத்துக்கு மதிப்பீட்டாளர்கள் போட்ட விலை 25,000 முதல் 35,000 டாலர் வரை. போனது 5,76,000 டாலருக்கு.

மதிப்பீட்டாளர்கள் முட்டாள்கள் இல்லை. ஒரு பிளாஸ்டிக் மாடல், இவ்வளவு பெரியது, இவ்வளவு வேலைப்பாடு, இதுபோன்றது முன்பு இவ்வளவுக்குப் போயிருக்கிறது என்று கணக்குப் போட்டார்கள். கலை வணிகத்தில் இந்தக் கணக்கு பெரும்பாலும் பலிக்கும். இங்கே பலிக்காமல் போனதற்கு, ஏழு வருடம் வாரா வாரம் ஒரு பொருளைப் பார்த்தவனுக்கும் அந்தப் பொருளுக்கும் உள்ள உறவைக் கணக்கிட அவர்களிடம் வாய்ப்பாடு இல்லை என்பதுதான் காரணம். ஓவியத்தை நாம் அப்படிப் பார்ப்பதில்லை. சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்து, அப்பா திட்டிக்கொண்டிருக்கும்போது, தங்கைக்குக் காய்ச்சலாக இருக்கும்போது பார்ப்பது தொலைக்காட்சி. வீட்டுக்குள் வந்துபோன பொருள் அது. வால்டர் பெஞ்சமினை இந்த இடத்தில் எல்லோரும் இழுப்பார்கள். நானும் ஒரு வரி இழுத்துக்கொள்கிறேன். பிரதி பெருகப் பெருக அசலின் ஒளிவட்டம் மங்கும் என்றார் அவர். இங்கே கோடிப் பிரதிகள் முதலில் வந்தன. ஒளிவட்டம் அவற்றிலிருந்து கிளம்பி, கிட்டங்கியில் தூசி படிந்து கிடந்த ஒரு பொருளின் மேல் போய் உட்கார்ந்தது.

ஏலப் பட்டியலை ஓர் இலக்கிய வகையாகவே படிக்கலாம். அதற்கென்று ஒரு நடை உண்டு, சொற்கள் உண்டு. 'ஹீரோ' என்று ஒரு சொல். அது நடிகரைக் குறிப்பதில்லை. நெருக்கக் காட்சிக்காகக் கவனமாகச் செய்யப்பட்ட பொருள்தான் ஹீரோ. விளக்கு எரியும், மூடி திறக்கும். அதே துப்பாக்கியை ரப்பரில் வார்த்து, சண்டைக் காட்சியில் தூக்கிப் போட்டு விளையாடுவார்கள். அது 'ஸ்டன்ட்'. தூரக் காட்சியில் இடுப்பில் தொங்குவதற்கு மரத்துண்டு போதும். இந்த மூன்றுமே திரையில் ஒரே துப்பாக்கி. பார்வையாளன் ஒன்றைத்தான் பார்த்தான். ஏலத்தில் அது மூன்றாகப் பிரிந்து மூன்று விலைக்குப் போகிறது. அடுத்த சொல், 'திரையோடு ஒப்பிடப்பட்டது'. பொருளில் உள்ள ஒரு கீறலை, பெயின்ட் வழிந்த ஒரு தழும்பைப் படத்தின் ஒரு சட்டகத்தோடு பொருத்திக் காட்டி, இதே பொருள்தான் அது என்று நிரூபிப்பது. செய்த தொழிலாளி மேஸ்திரிக்குத் தெரியாமல் மறைக்கப் பார்த்திருக்கக்கூடிய கீறல் அது. இன்று அதுதான் சான்றிதழ். குறையில்லாமல் இருந்தால் விலை குறையும்!

இந்தச் சான்றிதழ் விவகாரம் 2006 ஏலத்திலேயே ஒரு ரசிகரைக் கடித்தது. டேட்டா என்ற இயந்திர மனிதன் சீட்டாடும்போது அணியும் நெற்றி மறைப்பை ஒருவர் 6,000 டாலர் கொடுத்து வாங்கினார். அடுத்த வருடம் லாஸ் வேகாஸில் நடந்த ரசிகர் கூட்டத்துக்குக் கையெழுத்து வாங்க எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். டேட்டாவாக நடித்த ப்ரெண்ட் ஸ்பைனர் அதைப் பார்த்துவிட்டு, இது அசல் இல்லையே, அசல் என்னிடம் இருந்தது என்றாராம். மனிதர் ஏலக்கூடத்தின் மேல் வழக்குப் போட்டார்.

இதைச் சிரிப்புச் செய்தியாகத்தான் பத்திரிகைகள் போட்டன. எனக்கு அந்த ரசிகரின் முகத்தை நினைத்தால் சிரிப்பு வரவில்லை. ஸ்பைனர் வாயைத் திறப்பதற்கு முந்தைய நொடியிலும் பிந்தைய நொடியிலும் அவர் கையில் இருந்தது அதே துணிதான். நூல் மாறவில்லை, நிறம் மாறவில்லை. மாறியது அதைப் பற்றிய ஒரு வாக்கியம். அவர் 6,000 டாலர் கொடுத்தது அந்த வாக்கியத்துக்கு. இத்தனைக்கும், படப்பிடிப்புக்கு ஒன்றுக்கு இரண்டாகச் செய்து வைத்துக்கொள்வது எந்தத் தொடரிலும் வழக்கம். எது தொலைந்தாலும் வேலை நிற்கக் கூடாது. 'அசல்' என்ற யோசனையே இல்லாத ஒரு தொழிலின் மேல், அசலை மட்டுமே விற்கத் தெரிந்த இன்னொரு தொழில் வந்து உட்கார்ந்ததால் வந்த வினை.

இன்னொரு என்டர்ப்ரைஸ் உண்டு. பதினோரடிக் கலத்துக்கு முன்னால் செய்யப்பட்ட சின்னது, மூன்றடிக்குக் கொஞ்சம் குறைவு. தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரி அதைத் தன் மேசையில் வைத்திருந்தார். எழுபதுகளின் இறுதியில் முதல் ஸ்டார் ட்ரெக் படம் எடுத்தவர்கள் பார்த்துவிட்டுத் தருகிறோம் என்று வாங்கிப்போனார்கள். திரும்பி வரவில்லை. இரவல் கொடுத்த புத்தகம் மாதிரிதான். நாற்பது வருடத்துக்கு மேல் ஆனது. 2023இல் ஒரு வாடகைக் கிட்டங்கி அறையில் கைவிடப்பட்ட சாமான்களோடு அகப்பட்டதாக இபேயில் ஒரு விளம்பரம் வந்தது, ஆரம்ப விலை 1,000 டாலர். ரசிகர்கள் படத்தைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டார்கள். விளம்பரம் விலக்கப்பட்டது, கலம் ஹெரிடேஜ் ஏல நிறுவனத்திடம் போனது, 2024 ஏப்ரலில் ராடன்பெரியின் மகன் கைக்கு வந்து சேர்ந்தது. கண்டெடுத்தவர்கள் தங்களை ஏமாற்றிவிட்டதாகச் சொல்லி ஏல நிறுவனத்தின் மேல் வழக்குத் தொடர்ந்தார்கள். மகனோ, இதை வீட்டு அலமாரியில் வைக்கப்போவதில்லை, மக்கள் பார்க்கும்படி ஓர் அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும் என்பதே விருப்பம் என்றார்.

யார் சொத்து அது? அப்பாவின் மேசையிலிருந்து போனது என்பதால் மகனுடையது என்பது சட்டத்துக்குப் புரியும் பதில். பைன் மரத்தை இழைத்து அதைச் செய்த டேட்டினின் பெயர் இந்தச் சண்டை எதிலும் உரிமையாளராக வராது. கூலி வாங்கியாகிவிட்டது, கணக்கு முடிந்தது. ஏலப் பட்டியல்களில் எனக்குள்ள பெரிய மனத்தாங்கல் இதுதான். யார் அணிந்தார், எந்த அத்தியாயத்தில் வந்தது என்பதற்குக் கிடைக்கும் இடத்தில் கால்வாசிகூட யார் தைத்தார், யார் வார்த்தார் என்பதற்குக் கிடைப்பதில்லை. கோயில் சிற்பியின் பெயர் தெரியாததற்கு நாம் ஆயிரம் வருடத்தைக் காரணம் சொல்லிக்கொள்ளலாம். இவர்கள் சம்பளப் பட்டியலில் இருந்தவர்கள்.

இதற்கு ஒரு விதிவிலக்காக கிரெக் ஜைனைச் சொல்ல வேண்டும். 'குளோஸ் என்கவுன்டர்ஸ்' படத்தின் தாய்க்கப்பலைச் செய்த குழுவின் தலைவர். ஸ்டார் ட்ரெக்குக்கும் ஏராளமான கலங்கள் செய்தவர். நெக்ஸ்ட் ஜெனரேஷனின் மூன்றாம் வருடத்துக்காக, ஆறடிக் கலம் கையாளச் சிரமமாக இருக்கிறது என்று நான்கடியில் ஒன்றைப் புதிதாகச் செய்துகொடுத்தவர் அவர்தான். தொழில் போக அவருக்கு ஒரு பைத்தியம்: சக தொழிலாளிகள் செய்தவற்றைச் சேர்த்துவைப்பது. ஸ்டுடியோ குப்பையில் போட்டதை, நண்பர்கள் கொடுத்ததை, விலைக்கு வந்ததை எல்லாம் பெட்டி பெட்டியாக அடுக்கினார். 2022இல் இறந்துபோனார். நண்பர்கள் பெட்டிகளைப் பிரித்தபோது, ஒன்றில் தெர்மக்கோல் உருண்டைகளுக்கு நடுவே முதல் 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் எக்ஸ்-விங் கலம் கிடந்தது. 2023 அக்டோபரில் அது மட்டும் 31 லட்சத்து 35 ஆயிரம் டாலருக்குப் போனது. அதே வகைக் கலம் ஒன்று முந்தைய வருடம்தான் 23 லட்சத்து 75 ஆயிரத்துக்குப் போயிருந்தது.

ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம். சுத்தியல் விழுந்ததும் கைதட்டல். ஜைன் அதை வைத்திருந்த விதத்தை யோசித்தால் அந்தக் கைதட்டலில் சேர்ந்துகொள்ளத் தயக்கமாக இருக்கிறது. அவருக்கு அது ஒரு சக தொழிலாளியின் கைவேலை. எந்த டாங்கிக் கிட்டின் எந்தச் சக்கரத்தை எங்கே ஒட்டியிருக்கிறான் என்று பார்த்து ரசிக்கத் தெரிந்தவர். கடையில் விற்கும் போர் டாங்கி, கப்பல் கிட்டுகளை உடைத்து அந்தத் துண்டுகளால் விண்கலத்தின் தோலைச் செய்வது இந்தத் தொழிலின் பழைய தந்திரம். அந்தக் கண்ணோடு பார்ப்பவரிடம் ஒரு பொருள் இருப்பதும், முதலீடாக வாங்கிக் கிடங்கில் பூட்டுபவரிடம் இருப்பதும் ஒன்றா? ஆனால் சேகரிப்பவர்களைத் திட்டுவதற்கும் எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் இல்லாவிட்டால் இதில் பாதி இன்று மண்ணுக்குள் இருக்கும்.

உதாரணத்துக்கு பிபிசியைப் பாருங்கள். 'டாக்டர் ஹூ' தொடரின் அறுபதுகளின் அத்தியாயங்களை டேப் விலை அதிகம், வைக்க இடமில்லை, மறு ஒளிபரப்பு உரிமையும் கிடையாது என்று அழித்தார்கள். தொண்ணூறுக்கும் மேற்பட்ட அத்தியாயங்களின் படம் போயே போயிற்று. ஒலி மட்டும் இருக்கிறது, அதுவும் வீட்டில் ரசிகர்கள் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிந்ததால். அதே தொடரின் டாலெக்குகளையும் உடைகளையும் 2010இல் லண்டனில் பான்ஹாம்ஸ் கூடத்தில் பிபிசி ஏலம் விட்டது. படைப்பை அழித்தவர்கள் படைப்பின் எச்சத்தை விற்றார்கள். காப்பாற்றியவர்களுக்கு ஒரு பைசா வரவில்லை, வாங்குகிற வரிசையில் நிற்கத்தான் இடம் கிடைத்தது. திரையுலகிலும் இதே கதைதான். '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி'யின் மாடல்கள் வேறு படங்களில் தலைகாட்டிவிடக் கூடாது என்று குப்ரிக் அழிக்கச் சொன்னார். தப்பிப் பிழைத்த ஏரீஸ் கலம் பல பத்தாண்டுகள் இங்கிலாந்தில் ஓர் ஓவிய ஆசிரியரிடம் இருந்தது. 2015இல் ஆஸ்கர் அகாதெமி அதைத் தன் அருங்காட்சியகத்துக்காக 3,44,000 டாலர் கொடுத்து ஏலத்தில் எடுத்தது.

அப்படி எடுக்க முடிகிற நிறுவனங்கள் எத்தனை? ஜேம்ஸ் கோமிஸார் என்பவர் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கென்று ஓர் அருங்காட்சியகம் வேண்டும் என்று முப்பது வருடம் சேர்த்தார். 'சியர்ஸ்' தொடரின் மதுக்கடை மேடை உட்பட. கட்டடம் வரவில்லை. 2023இல் எல்லாவற்றையும் ஏலம் விட்டார். ஒரே இடத்தில் இருந்தபோது அது ஒரு வரலாறு. மூன்றே நாளில் தனித்தனி வீடுகளின் வரவேற்பறை அலங்காரமாகிவிட்டது.

இன்னொரு விஷயம் சொல்ல வேண்டும், இது விலையைப் பற்றியது இல்லை. 1993இல் முன்னோட்டப் படமாக வந்து, அடுத்த வருடத்திலிருந்து தொடராக ஓடிய 'பாபிலோன் 5'க்கு மாடல்களே கிடையாது. கலங்கள் எல்லாம் கணினிகளில் பிறந்தவை. அன்று அது புரட்சி, செலவும் குறைவு. பின்னாளில் அகலத்திரையில் டிவிடி போட வேண்டும் என்று வந்தபோது, பழைய கணினிக் கோப்புகளைக் கொண்டு காட்சிகளைப் புதிதாக உருவாக்க வழியில்லாமல் போயிற்று. இருந்த படத்தையே மேலும் கீழும் வெட்டிப் பெரிதாக்கினார்கள், கலங்கள் கலங்கலாகத் தெரிந்தன. அதற்கும் மூத்த நெக்ஸ்ட் ஜெனரேஷனுக்கு நேர்ந்தது வேறு. அந்தப் பிளாஸ்டிக் கலங்களை 35 மில்லிமீட்டர் ஃபிலிமில், ஒவ்வொரு காட்சிக்கும் கேமராவை ஒரே பாதையில் பலமுறை ஓட்டி, உடலுக்கு ஒருமுறை, விளக்குகளுக்கு ஒருமுறை என்று எடுத்திருந்தார்கள். 2012இல் ப்ளூ-ரேக்காக அந்த நெகட்டிவ்களைத் தேடி எடுத்து மறுபடி சேர்த்தபோது, எண்பதுகளில் எந்த வீட்டுப் பெட்டியிலும் தெரிந்திராத துல்லியம் கிடைத்தது. சன்னலுக்குள் வெளிச்சம் தெரிகிறது, தோலின் மேல் நிழல் நகர்கிறது. உண்மையான ஒரு பொருளின் மேல் உண்மையான ஒளி விழுந்ததால் வந்த அழகு அது. அத்தனை பேரின் கைவேலை இருபத்தைந்து வருடம் கழித்துத்தான் கண்ணுக்கு வந்தது.

2003இல் மீண்டும் வந்த 'பேட்டில்ஸ்டார் காலக்டிகா' இந்த மாற்றத்தின் நடுவில் நிற்கிறது. 2009 ஜனவரியில், கடைசி அத்தியாயம் ஒளிபரப்பாகும் முன்பே, பாசடீனாவில் அதன் பொருட்களை ஏலம் போட ஆரம்பித்துவிட்டார்கள். நடிகர்கள் ஏறி உட்கார முழு அளவில் செய்த வைப்பர் விமானம் விலைக்கு வந்தது. காலக்டிகா வரவில்லை. அந்த மாபெரும் கப்பல் எங்கேயும் இருந்ததில்லை, கணினிக்கு வெளியே. தொடரின் பெயரே அந்தக் கப்பலின் பெயர்தான், அதை ஏலம் போட வழி இல்லை. இது நல்லதா கெட்டதா என்று எனக்குள்ளேயே வாதம் உண்டு. யாரும் வாங்க முடியாது என்பதில் ஒரு நிம்மதி. தொட்டுப் பார்க்க எதுவும் இல்லை என்பதில் ஒரு வெறுமை.

ஸ்மித்சோனியனில் என்டர்ப்ரைஸ் இப்போது கடையிலிருந்து மேலே வந்துவிட்டது. 2016இல், லிண்ட்பெர்க் அட்லான்டிக்கைக் கடந்த விமானம் தொங்கும் அதே கூடத்தில் அதற்கு இடம் கிடைத்தது. பறந்தவற்றுக்கு நடுவே பறக்காத ஒன்று. விளக்குகளை நாளில் சில வேளைகளில் மட்டும் கொஞ்ச நேரம் எரியவிட்டார்கள். நான் போன அன்று அந்த நேரம் பார்த்து வலப்பக்கம் கூட்டம் நெருக்கியடித்தது, எல்லோரும் ஃபோனைத் தூக்கிக்கொண்டு. இடம் கிடைக்காமல் மறுபக்கம் போய் நின்றேன். அங்கே ஒரு சிறுமி மட்டும் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றிருந்தாள். "இங்க ஏன் பெயின்ட் அடிக்காம விட்டுட்டாங்க?" என்று அப்பாவிடம் ஆங்கிலத்தில் கேட்டாள். அவர் ஃபோனிலிருந்து தலையைத் தூக்காமல், தெரியலம்மா, முடிக்க நேரமிருந்திருக்காது என்றார்.